கைதட்டலும் காணிக்கையும்

கிரிக்கெட்டை மதம் என்றும் மைதானத்தைக் கோயில் என்றும் சொல்வது இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் பேச்சாகிவிட்டது. ஐபிஎல் நடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் தேனி, சின்னமனூர், கம்பம் என்று எந்த ஊர்த் தேநீர்க் கடையிலும் சேப்பாக்கத்தைப் பற்றிய பேச்சில் பக்தியின் சாயல் இருக்கும். அதே மாதங்களில்தான் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்துச் சித்திரா பௌர்ணமியும் வருகின்றன. இரவில் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கும் இளைஞன், பகலில் மஞ்சள் துணி உடுத்தி அக்னிச்சட்டி எடுக்கிறான். இரண்டுக்கும் அவன் ஒரே மனதோடு போகிறானா என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. “சேப்பாக்கம் எங்களுக்குக் கோயில்” என்று அவன் சொன்னால், படித்தவர் அதை வெறும் உற்சாகப் பேச்சு என்று தள்ளிவிடுவார். பக்தர் அதைத் தெய்வக் குற்றம் என்று கோபிப்பார். இருவருமே அந்த வாக்கியத்துக்குள் இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு துண்டு நிலத்தைப் புனிதமாக்குவது எது? கட்டடமா, கூட்டமா, அங்கே நடந்த வரலாறா, அங்கே உறையும் தெய்வமா? இந்தக் கேள்வியை ஆற அமர யோசித்தால், சேப்பாக்கத்தைப் பற்றி மட்டுமல்லாமல் வீரபாண்டியைப் பற்றியும் நமக்குச் சில விஷயங்கள் தெளிவாகும்.

யோசிப்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு பொருத்தமான இடம். புனிதம் இங்கே ஒரே அச்சில் வார்க்கப்பட்டதாக இல்லை. வீரபாண்டியில் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே கம்பம் நடுகிறார்கள். மூன்று கிளை விரிந்த ஓர் அத்திமரத் தடி அது. நேற்றுவரை மரத்தில் இருந்த கிளை, நட்ட நாளிலிருந்து சாமியாகிவிடுகிறது. முல்லையாற்றில் இறங்கி, ஈரத் துணியோடு, குடத்தில் நீர் மொண்டு, வேப்பிலை செருகிக்கொண்டு வந்து ஆணும் பெண்ணும் அதன்மேல் ஊற்றுகிறார்கள். நிலக்கிழார் குடத்து நீரும் கூலிக்காரி குடத்து நீரும் ஒரே தடியில் வழிந்து ஒரே மண்ணில் இறங்குகின்றன. திருவிழா முடிந்ததும் அந்தத் தடியும் எடுக்கப்பட்டுவிடும். கம்பத்தில் தம்பிரான் மாட்டுத்தொழு என்று மக்கள் சொல்லும் நந்தகோபாலன் கோயிலில் சிலையே கிடையாது; மாடுதான் தெய்வம். மாட்டுப் பொங்கலன்று ஊர் திரண்டு வந்து உயிருள்ள காளையை வணங்கிப் போகிறது. கூடலூருக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் கண்ணகி கோட்டமோ இடிந்து சரிந்த கற்கள். சேரன் செங்குட்டுவன் எடுத்தது என்று நம்பப்படும் அந்தக் கோட்டத்துக்கு ஆண்டில் ஒரே நாள்தான் மக்கள் போக முடியும். ஒன்றில் நிலையான மூர்த்தி இல்லை, ஒன்றில் சிலை இல்லை, ஒன்றில் கூரையே இல்லை. மூன்றும் புனிதம் என்பதில் பள்ளத்தாக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்த மூன்றுக்கும் பொதுவானது என்ன? போகிறவர்கள் எதையோ கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான். விரதம் இருப்பவர் உணவையும் உறக்கத்தையும் வைக்கிறார். தீச்சட்டி எடுப்பவர் தன் உடம்பின் மேலான அச்சத்தை வைக்கிறார். வரிசையில் நிற்பவர் ‘நான் யார் தெரியுமா’ என்ற அதட்டலை வைக்கிறார். குறைந்தபட்சம் வைக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. பள்ளத்தாக்கு மக்கள் இந்த அளவுகோலைத் தெய்வங்களுக்கு வெளியேயும் பயன்படுத்துகிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் ஆங்கிலேயர், கிறித்தவர். 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த அணையால்தான் மேற்கே ஓடிய நீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. இருபோக நெல் விளைந்தது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று இங்குள்ள உழவர்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பல வீடுகளில் அவர் படம் சாமி படங்களோடு இருக்கிறது. 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் எழுந்தது. வெள்ளத்தில் வேலை அடித்துப்போன பிறகும், மலேரியாவிலும் காலராவிலும் ஆட்கள் மாண்ட பிறகும் விடாமல் நின்று, தனக்கு ஒரு குழி நிலம்கூடப் பாயாத நீரைப் பிறருக்குக் கொண்டுவந்தார் என்பதே அந்த வணக்கத்தின் காரணம். இதிலிருந்து நான் எடுக்கும் கருத்து இது: மனிதர்கள் கூடித் தங்கள் நலனை, தங்கள் ஆசையை, தங்களைவிடப் பெரிய ஒன்றின்முன் இறக்கி வைக்கும்போது அந்த இடம் புனிதமாகிறது. அந்த இறக்கிவைத்தல் நின்றுபோனால், கோபுரம் எத்தனை நிலை உயர்ந்தாலும் இடம் வெறும் இடம்தான். சேப்பாக்கத்தையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் அந்த மண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனைக்கு அருகில், கடற்காற்று வந்து படும் தூரத்தில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது மைதானம். 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களுக்கானது. பெவிலியனுக்குள் இந்தியர் நுழைய முடியாது. அந்த அவமானத்தைப் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைக் கட்டி வளர்த்தார். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் பிரசிடென்சி ஆட்டங்களுக்கு வழி திறந்தார். 1934 பிப்ரவரியில் ஜார்டினின் இங்கிலாந்து அணி இங்கே முதல் டெஸ்ட் ஆடியது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சென்னை அணி மைசூரை ஒரே நாளில் சுருட்டியது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். 1952 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் இங்கேதான். வினு மன்கட் 12 விக்கெட் எடுக்க, எவர்கள் இந்தியரைப் பெவிலியனுக்கு வெளியே நிறுத்தினார்களோ அவர்கள் நாட்டு அணி இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. 1986 செப்டம்பர் வெக்கையில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்து மருத்துவமனைக்குப் போனார். அந்த ஆட்டம் டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது சமநிலையில் முடிந்தது. கோயிலுக்குத் தலபுராணம் உண்டென்றால் சேப்பாக்கத்துக்கும் உண்டு. விலக்கப்பட்டவர்கள் உள்ளே நுழைந்த கதை அதன் நடுவே இருக்கிறது. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்த வரலாற்றை அறிந்த தமிழருக்கு இது புரியாத கதை இல்லை.

இந்தத் தலபுராணம் பள்ளத்தாக்கை எட்டியது காதுவழியாக. தேனியிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் 2023 ஜூனில்தான் வந்தது. திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காய்க் கடையிலும் வேலை செய்த ஒரு தலைமுறைக்குச் சேப்பாக்கம் என்பது வானொலிப் பெட்டியில் கேட்ட ஓர் இரைச்சல், அந்த இரைச்சலின் மேல் மிதந்து வந்த அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனை. வாழ்நாளில் ஒரு தடவைகூட உள்ளே போகாமலே அந்த இடத்தைப் பற்றி அவர்கள் விவரமாகப் பேசினார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பந்து போட்டால் சுழலும், மதியத்துக்குமேல் காற்று எப்படி மாறும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். காசிக்குப் போகாமலே காசியை மனதில் வைத்திருந்த தமிழர்களின் மரபிலேயே இதுவும் வருகிறது. ஆனால் தூரத்து ஏக்கம் ஓர் இடத்துக்கு மதிப்பைக் கூட்டுமே தவிர, புனிதத்தைக் கொடுத்துவிடாது. சினிமாக் கொட்டகைக்கும் ஏங்குகிறோம். ஏக்கத்தோடு போனவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1999 ஜனவரி 31. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் இந்திய மண்ணில் ஆடிய டெஸ்ட் அது. சில வாரங்களுக்கு முன்தான் அந்த அணி வரக்கூடாது என்று சொல்லி டெல்லி கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைச் சிவசேனைத் தொண்டர்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள். இந்தியாவுக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட் 82 ரன்னில் போன பிறகு, சச்சின் டெண்டுல்கர் முதுகுவலியோடு நயன் மோங்கியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினார். 136 ரன்னில் அவர் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்து அவுட்டானபோது தேவைப்பட்டது 17 ரன்தான். மீதி மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் உதிர்ந்தன. இந்தியா 12 ரன்னில் தோற்றது. மைதானம் முழுக்க ஒரு நிமிடம் பேச்சு மூச்சில்லை. அதன்பின் ஒரு பக்கத்தில் கைதட்டல் எழுந்தது. அடுத்த பக்கம் எழுந்தது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டினார்கள். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டது. அங்கே இருந்தவர்கள் நான்கு நாளாக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அது பறிபோனது. அந்த ஏமாற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, தங்களை ஏமாற்றியவர்களின் திறமைக்கு முன் தங்கள் ஆசையை இறக்கி வைத்தார்கள். யாரும் கட்டளையிடவில்லை, அதனால் யாருக்கும் லாபமும் இல்லை. வீரபாண்டிக் கம்பத்தின்மேல் குடத்து நீரைக் கவிழ்க்கும் கையில் நான் காண்பதையே அந்தக் கைதட்டலிலும் காண்கிறேன். வெற்றிபெற்ற நாட்களில் எழுந்த ஆரவாரம் எதுவும் சேப்பாக்கத்துக்கு இந்தத் தகுதியைத் தரவில்லை.

இதற்குச் சமூகவியல் படித்தவர் ஒரு மறுப்புச் சொல்வார். பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கேம் சமயத்தின் ஆதி வடிவங்களைப் பற்றி 1912இல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் நெருங்கிக் கூடும்போது எழும் கூட்டுக் கொந்தளிப்பிலிருந்துதான் புனிதம் என்ற உணர்வே பிறக்கிறது என்று வாதிட்டார். அப்படியானால் தியாகம், இறக்கிவைத்தல் என்றெல்லாம் பேச வேண்டியதில்லை. கூட்டம் இருந்தால் போதும். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2021 பிப்ரவரியே அதற்குச் சாட்சி. கொரோனாவால் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்ட் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. ஜோ ரூட் தன் நூறாவது டெஸ்ட்டில் 218 ரன் எடுத்தும், அந்த மகத்தான ஆட்டம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் அரங்கேறியது. சில நாள் கழித்து அதே மண்ணில், அதே அணிகள் ஆடிய இரண்டாவது டெஸ்ட்டுக்குப் பாதி இருக்கைகள் திறந்துவிடப்பட்டன. உள்ளூர்ப் பிள்ளை அஸ்வின் கடைசி ஆட்டக்காரர் சிராஜைத் துணைக்கு வைத்துக்கொண்டு சதம் அடித்தபோது, எதிர்முனையில் சிராஜ் துள்ளிக் குதித்ததும் அரங்கு அதிர்ந்ததும் ஒன்றாய்க் கலந்தன. ஆள் இல்லாமல் மைதானம் ஒரு வேலைத்தலம்தான் என்று துர்க்கேம் பக்கம் சாய்ந்தே சொல்லலாம். ஆனால் மறுபாதிக்குக் கல்கத்தா ஈடன் தோட்டம் பதில் சொல்கிறது. 1996 மார்ச் 13ஆம் தேதி உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக இந்தியா சரிந்தபோது, அங்கே பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன. ஆட்டத்தை நிறுத்தி இலங்கை வென்றதாக அறிவிக்க வேண்டியிருந்தது. சேப்பாக்கம் பாகிஸ்தானுக்குக் கைதட்டிய மூன்று வாரத்துக்குள், 1999 பிப்ரவரியில், அதே ஈடனில் அதே பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் கலவரத்தால் குலைந்து, கடைசி நாளில் பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டுத்தான் முடித்தார்கள். கூட்டம் இரண்டு ஊரிலும் பெருங்கூட்டம்தான்; கொந்தளிப்பும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. கொந்தளிப்பு மட்டுமே புனிதத்தைப் பெறும் என்றால் எரியும் நாற்காலியையும் புனிதம் என்று சொல்ல வேண்டி வரும். கூட்டம் தேவை, கூட்டம் போதாது. கூடியவர்கள் தங்கள் ஆசையை ஆள்கிறார்களா, ஆசை அவர்களை ஆள்கிறதா என்பதில்தான் சேப்பாக்கமும் ஈடனும் பிரிகின்றன. இதை ஊர்களின் குணம் என்று சொல்லிச் சென்னைக்குப் பட்டம் கட்டவும் கூடாது. மனிதர்கள் எந்த நாளிலும் எந்தப் பக்கமும் சாயக்கூடியவர்கள்.

ஆள் தேவை என்று ஒப்புக்கொண்டால், கண்ணகி கோட்டம் என்னாவது என்று பள்ளத்தாக்குக்காரர் கேட்பார். சித்திரா பௌர்ணமி தவிர ஆண்டு முழுதும் அங்கே யானையும் மானும்தான் நடமாடுகின்றன. அந்த நாட்களில் அது புனிதம் இழந்துவிடுகிறதா? இழப்பதில்லை, காரணம், அங்கே போகாமல் இருப்பதும் ஒரு காணிக்கைதான். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்த உச்சிக்கு, ஆசைப்பட்ட நாளெல்லாம் ஏறாமல், தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து திறந்துவிடும் ஒரு நாளுக்காக மக்கள் காத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் வந்தது என்பது உண்மை. ஆண்டுக்கு ஒரு நாள் போதாது என்ற குறையும் தமிழ்நாட்டுப் பக்கத்தில் உண்டு. ஆனாலும் அந்த ஒரு நாளில் பளியன்குடி வழியாகக் காட்டுப்பாதையில் ஏறி வருபவரின் மனதில், காத்திருந்த பதினோரு மாதமும் சேர்ந்தே ஏறி வருகிறது. மைதானத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. நடுவில் இருக்கும் 22 கெஜ ஆடுகளத்தில் கண்டவர் கால் வைப்பதில்லை. பந்து வீசுபவரே வீசிய வேகத்தில் அதன் நடுப்பகுதியில் ஓடிவிட்டால் நடுவர் எச்சரிப்பார். தொடக்கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு துண்டு மண்ணைச் சுற்றியே ஆட்டம் முழுவதும் அமைகிறது. அந்த விலகலைக் குலைத்ததால்தான் கோட்லாவில் ஆடுகளத்தைத் தோண்டியது விளையாட்டின்மேல் ஆர்வம் இல்லாதவர்களையும் உறுத்தியது.

இதைவிடக் கனமான மறுப்பு சமயத்திலிருந்தே வருகிறது. கோயில் புனிதமாவது மனிதர் எதையோ துறப்பதால் என்று சொன்னால் இறைவனை வெளியே நிறுத்துவதாகாதா? அவன் உறைவதால் தலம் புனிதம். நாம் நல்லவர்களாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது புனிதம். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சைவ சித்தாந்தம் இதைச் சொல்லும் விதம் என் வாதத்துக்கு எதிராகப் போகவில்லை. இறைவன் பாலில் நெய்போல எங்கும் மறைந்தும், தயிரில் நெய்போலத் திருக்கோயிலில் விளங்கியும் நிற்கிறான் என்பது அந்த மரபின் விளக்கம்; ஆலயத்தை இறைவனாகவே கண்டு தொழ வேண்டும் என்று மெய்கண்டார் சிவஞானபோதத்தின் கடைசி நூற்பாவில் வகுத்தார். பால் தயிராக உறை ஊற்ற வேண்டும். நெய் முதலிலிருந்தே உண்டு. ஆனாலும் அது விளங்கித் தோன்ற ஒரு செயல் தேவைப்படுகிறது. ஆவாகனமும் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் குடமுழுக்கும் அந்தச் செயலை மனிதரிடமே ஒப்படைக்கின்றன. அத்திக் கிளை கம்பமாவதும் அப்படித்தான். அருள் எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்ப்பது என் வேலையாகாது. அது விளங்குவதற்கு மனிதரிடமிருந்து கேட்கப்படுவது என்ன என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். எங்கும் இருப்பவன் சேப்பாக்கத்தில் மட்டும் இல்லாமல் போவானா என்று பக்தரையே திருப்பிக் கேட்கலாம். 1999இல் பகைவருக்காக எழுந்த கைகளில் அவன் விளங்கவில்லை என்று சொல்ல எந்தச் சித்தாந்தமும் துணை வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மைதானமும் கோயிலும் ஒன்று என்ற முடிவுக்கு நான் வரவில்லை. கோயிலுக்கு இருப்பதும் மைதானத்துக்கு இல்லாததும் ஒன்று உண்டு: தோற்றவருக்கான இடம். அம்மை கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீரபாண்டிக்கு வரும் தாய்க்கு எந்தச் சீட்டும் வேண்டியதில்லை. கண் நோய்க்கு நேர்ந்துகொண்டவர், கடன் தீர வேண்டியவர், வழக்கில் தோற்றவர், குச்சனூர்ச் சனீஸ்வரனிடம் ஏழரை ஆண்டுக் கஷ்டத்தைக் குறைக்கக் கேட்பவர் என்று எல்லோரும் தங்கள் துக்கத்தோடே உள்ளே வரலாம். துக்கம்தான் அவர்களின் நுழைவுரிமை. மைதானத்துக்குத் துக்கத்தோடு போனால் அதற்கு அங்கே ஒரு பயனும் இல்லை. ஆட்டம் நம்மைச் சில மணி நேரம் மறக்க வைக்கும். ஆனால் நம்மிடம் விசாரிக்காது. இந்தக் குறையை ஒப்புக்கொள்ளாமல் கிரிக்கெட்டை மதம் என்று சொல்பவர் மதத்தையும் அறியவில்லை, கிரிக்கெட்டையும் ஏமாற்றுகிறார். மைதானம் எப்போதாவது புனிதத்தைத் தொடும். அடைக்கலமாக அதனால் முடியாது.

பணத்தை வைத்து எழும் மறுப்பையும் தட்டிக்கழிக்க முடியாது. 2008இல் ஐபிஎல் வந்த பிறகு வீரர்கள் ஏலத்தில் விலை போகிறார்கள். எப்போது கத்த வேண்டும் என்பதை ஒலிபெருக்கியே சொல்கிறது. சூதாட்ட வழக்கால் சென்னை அணியே 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடைபட்டது. கடைத்தெருவைக் கோயில் என்று சொல்லலாமா? கோயிலைச் சுற்றியும் கடைத்தெரு உண்டு. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினமும் பொரிகடலைக் கடையும் இல்லாமல் போகாது. வணிகம் பக்கத்தில் இருப்பதால் புனிதம் கெடுவதில்லை. வணிகம் சொல்லித்தான் கை தட்டுகிறோம் என்ற நிலை வரும்போது கெடுகிறது. 2018 ஏப்ரலில் காவிரி நீருக்கான போராட்டம் இந்த வேறுபாட்டை வெளிச்சம் போட்டுக் காட்டியது. டெல்டா காய்ந்து கிடக்கும்போது கொண்டாட்டம் எதற்கு என்று கேட்டு மக்கள் சேப்பாக்கத்தை முற்றுகையிட்டார்கள். ஏப்ரல் 10ஆம் தேதி ஆட்டத்தின்போது மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. வீரர்மேல் செருப்பு வீசியது தவறு. அவர்கள் யாருடைய நீரையும் தடுக்கவில்லை. ஆனால் போராட்டத்தின் கேள்வி நியாயமானது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறுக்காகக் குமுளி எல்லையை நோக்கித் திரண்ட கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு அது உடனே புரிந்திருக்கும். தங்கள் ஆட்டத்தை இன்னொருவரின் பயிருக்காக ஒரு வாரம் ஒத்திவைக்க மனமில்லாத கூட்டம், அந்த ஆட்டத்தைப் புனிதம் என்று சொல்லும் உரிமையை அப்போதே இழந்துவிடுகிறது. புனிதத்துக்கு முன்பின் வரிசை உண்டு. அதில் தண்ணீருக்குப் பின்னால்தான் மட்டையும் பந்தும் நிற்க முடியும்.

விளையாட்டையும் வழிபாட்டையும் ஏன் போட்டுக் குழப்ப வேண்டும், விளையாட்டை விளையாட்டாகவே விட்டுவிடக் கூடாதா என்று கடைசியாக ஒருவர் கேட்கலாம். பள்ளத்தாக்கு அவற்றை ஒருநாளும் முழுதாகப் பிரித்து வைத்ததில்லை. பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு கோயில் வழிபாட்டோடு சேர்ந்தே நடக்கிறது. வாடிவாசலில் முதலில் அவிழ்த்துவிடுவது கோயில் காளையை. அதை யாரும் அணைவதில்லை. கையில் வலுவும் மனதில் வேகமும் உள்ள இளைஞர்கள் இருபுறமும் விலகி நின்று அதற்கு வழிவிடுகிறார்கள். பிடிக்க முடிந்ததைப் பிடிக்காமல் விடுவதில் ஆட்டம் தொடங்குகிறது. அந்த விலகலுக்குப் பிறகு நடக்கும் மோதலில் பகை இருக்காது என்பது மரபின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு எப்போதும் நிறைவேறுவதில்லை. முதல் மரியாதைக்காக அடிதடி நடக்கும் கோயில்களும், சாதி பார்த்து வடம் பிடிக்கவிடாத தேர்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. என் அளவுகோல் அவற்றையும் விடாது. எந்தத் தேரடியில் ஒருவன் தன் பெருமையை இறக்கி வைக்காமல் இன்னும் உயர்த்திப் பிடிக்கிறானோ, அந்தத் தேரடி அன்று ஈடன் தோட்டத்தின் எரிந்த இருக்கைகளுக்குச் சமம்.

ஆகவே “சேப்பாக்கம் எங்களுக்குக் கோயில்” என்று சொல்லும் இளைஞனைக் கேலி செய்ய வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். அவன் சொல்வது பெரிய சொல் என்று அவனுக்கு உணர்த்தினால் போதும். கோயில் என்று சொன்னால் அங்கே போகும்போது எதையாவது இறக்கி வைக்க வேண்டும். மைதானத்தில் இறக்கி வைக்கக் கூடியது, நம் அணி மட்டுமே ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை. எதிரணிக்காரர் நன்றாக ஆடினால் எழுந்து நின்று கைதட்டுவதே அங்கே செலுத்தக்கூடிய காணிக்கை. அதற்குச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை, கம்பத்துப் பள்ளி மைதானத்திலும் தேனியில் டென்னிஸ் பந்தில் ஆடும் ஆட்டத்திலும் செலுத்தலாம். தோற்ற அன்று அதைச் செய்ய முடிந்தவர் தன் மைதானத்தைக் கோயில் என்று தாராளமாகச் சொல்லட்டும். முடியாதவர் அந்தச் சொல்லை வீரபாண்டிக்கே விட்டுவிடட்டும்.